ஆதாம் முதல் ஏரோது வரை: பைபிள் காலக்கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாலிபர் வேத வகுப்பு இருக்கும். பத்து வருடமாக நான்தான் எடுக்கிறேன். பிழைப்புக்குப் பள்ளியில் வரலாறு வாத்தியார் வேலை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள், வெளியே வண்டி எடுக்கும் இடத்தில் வந்து நின்று "சார், ஒரு டவுட்" என்று ஆரம்பிப்பார்கள். பாதிக்கு மேல் ஒரே டவுட்தான், ஆள்தான் வேறு. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. புத்தகப் பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி தந்திருக்கிறேன். ஆதியாகமம் என்பது கத்தோலிக்க நண்பர்களுக்குத் தொடக்கநூல்.

பைபிளில் உலகம் உண்டான தேதி எந்த அதிகாரத்துல இருக்கு சார்?

எதிலும் இல்லை. இருப்பதெல்லாம் வயதும் ஆட்சிக் காலமும்தான். ஆதியாகமம் 5-ல் ஆதாம் 130 வயதில் சேத்தைப் பெற்றான், சேத் 105 வயதில் ஏனோசைப் பெற்றான் என்று நோவா வரை போகும். 11-ம் அதிகாரம் அங்கிருந்து ஆபிரகாம் வரை வரும். அப்புறம் எகிப்தில் 430 வருடம், ஆலயம் கட்டும்வரை 480 வருடம், ராஜாக்கள் ஒவ்வொருவரும் ஆண்ட வருடங்கள்.

ஆக, இது ஒரு சங்கிலி. சங்கிலி எவ்வளவு நீளம் என்று அளக்கலாம். ஆனால் அதன் ஏதாவது ஒரு கண்ணியை, வெளியே வேறு வழியில் தெரிந்த ஒரு வருடத்தில் மாட்டினால்தான் 'கி.மு. இத்தனை' என்று சொல்ல முடியும். கீழே வரும் எல்லாப் பதில்களிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்தத் தேதி எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது?

அப்போ கி.மு. 4004-ன்னு சொல்றாங்களே, அது யார் சொன்னது?

ஜேம்ஸ் அஷர். அயர்லாந்தில் அர்மா நகரத்தின் பேராயர். 1650-ல் லத்தீனில் வெளியிட்ட பெரிய வரலாற்று நூலில், படைப்பு தொடங்கியது கி.மு. 4004 அக்டோபர் 23-க்கு முந்தின மாலை என்று கணித்தார். அவர் ஆணி அடித்த இடம் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் செத்த வருடம், கி.மு. 562. யூதா ராஜா யோயாக்கீன் சிறைப்பட்ட 37-ம் வருடத்தில் பாபிலோனில் புது ராஜா வந்தான் என்று 2 இராஜாக்கள் 25:27 சொல்கிறது. அந்த முனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போனார்.

1701 முதல் ஆங்கில பைபிள்களின் பக்க ஓரத்தில் இந்தத் தேதிகளை அச்சடித்தார்கள். என் தாத்தா வைத்திருந்த ஆங்கில பைபிளிலும் முதல் பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது. ஓரத்தில் இருந்ததை வசனம் என்றே பல தலைமுறை நம்பிவிட்டது. அஷரைக் கேலி செய்வது எனக்குப் பிடிக்காது. அவர் காலத்தில் இதுதான் படிப்பு. கெப்ளரும் நியூட்டனும்கூட ஏறக்குறைய கி.மு. 4000 என்ற விடைக்குத்தான் வந்தார்கள்.

கூட்டல் கணக்குதானே, எல்லாருக்கும் ஒரே விடைதான வரணும்?

வராது. கூட்ட வேண்டிய எண்களே பிரதிக்குப் பிரதி வேறு. நம் பைபிள் பின்பற்றும், யூதர்கள் படியெடுத்துக் காத்துவந்த எபிரெயப் பிரதியில் (மசோரெட்டிக் பாடம் என்பார்கள்) ஆதாம் முதல் ஜலப்பிரளயம் வரை 1656 வருடம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாஜிந்தில் 2242. சமாரியர் வைத்திருக்கும் ஐந்தாகமத்தில் (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) 1307. கிரேக்கத்தில் பலருக்குப் பிள்ளை பிறந்த வயது நூறு நூறு கூடியிருக்கிறது, ஆதாமுக்கே 230. அதனால்தான் பைசாந்தியக் கிறிஸ்தவர்கள் படைப்பை கி.மு. 5509-ல் வைத்தார்கள். யூத நாட்காட்டியோ எபிரெயப் பாடத்தை வைத்துக்கொண்டே கி.மு. 3761 என்கிறது; அவர்கள் பாரசீக ஆட்சிக் காலத்தை மிகச் சுருக்கிக் கணக்கிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எபிரெயக் கணக்கில் மெத்தூசலா பிறந்தது 687-ம் வருடம். 969 வயது வாழ்ந்தான். கூட்டினால் 1656, சரியாகப் பிரளய வருடம். அதே ஆளைக் கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் கூட்டினால் 1287-ல் பிறந்து 2256-ல் சாகிறான். பிரளயம் 2242-ல். தண்ணீருக்குள் 14 வருடம் எங்கே இருந்தான்? சபைப் பிதா அகுஸ்தீன் காலத்திலேயே இதைப் பற்றி விவாதம் நடந்திருக்கிறது, அவரும் எழுதியிருக்கிறார். நாம் புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை.

வம்ச வரலாற்றுல நடுவுல சில பேரை விட்டிருக்கலாம்ல? அப்படின்னா காலம் நீளும்ல?

விடுவது உண்டுதான். மத்தேயு 1:8-ல் "யோராம் உசியாவைப் பெற்றான்" என்றிருக்கிறது. இராஜாக்கள் புத்தகத்தைத் திறந்தால் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று தலைமுறை. லூக்கா 3:36-ல் வரும் காயினான் எபிரெய ஆதியாகமம் 11-ல் இல்லை, கிரேக்கத்தில் இருக்கிறார். 1890-ல் பிரின்ஸ்டன் பேராசிரியர் வில்லியம் ஹென்றி கிரீன், பழைமைவாதிதான் அவர், இந்த அட்டவணைகள் காலம் கணக்கிட எழுதப்பட்டவையே அல்ல என்று வாதாடினார்.

அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் 'இடைவெளி' வாதம் மட்டும் அதைத் தாங்காது. மத்தேயுவில் வெறும் பெயர்கள். ஆதியாகமத்தில் 'இத்தனை வயதில் பெற்றான்' என்று எண்ணும் சேர்ந்து வருகிறது. எண் இருக்கும் இடத்தில் எவ்வளவுதான் இழுத்தாலும் சில ஆயிரம் வருடம் கூடும், லட்சம் கூடாது.

969 வயசெல்லாம் எப்படி? அவங்க மாசத்தைத்தான் வருஷம்னு சொன்னாங்களாமே?

மெத்தூசலாவை 12-ஆல் வகுத்தால் 80 வருடம், அழகாக வரும். அதே கையோடு மகலாலெயேலையும் வகுத்துப் பாருங்கள். 65 வயதில் பிள்ளை பெற்றவர் ஐந்தரை வயதில் அப்பாவாகிவிடுவார். தவிர, பிரளயக் கதையிலேயே மாதம் தனி, வருடம் தனி என்று தெளிவாக எண்ணப்படுகிறது.

பக்கத்து நாட்டுப் பழக்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். சுமேரிய அரசர் பட்டியலில் பிரளயத்துக்கு முன் ஆண்ட முதல் ராஜா அலுலிம் 28,800 வருடம் ஆண்டான். பிரளயத்துக்குப் பின் வருகிறவர்களுக்கு ஆயுசு படிப்படியாகக் குறையும். ஆதியாகமத்திலும் அதே இறக்கம். பழங்காலத்துப் பெரியவர்களுக்குப் பெரிய எண் கொடுப்பது அந்தப் பிரதேசத்தின் மரபு. அந்த எண்களுக்குள் இருந்த உள்ளர்த்தம் நமக்குத் தொலைந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

கார்பன் டேட்டிங் தப்பு தப்பா காட்டும்னு பாஸ்டர் சொன்னாரு. உயிரோட இருக்கிற நத்தைக்கே ஆயிரக்கணக்கான வருஷம் காட்டுச்சாமே?

நத்தை விஷயம் உண்மைதான். சுண்ணாம்புப் பாறைவழியே வரும் தண்ணீரில் பழைய கார்பன் கரைந்திருக்கும். அதை வைத்து ஓடு கட்டிய நத்தைக்குப் பழைய வயது காட்டத்தான் செய்யும். இதைக் கண்டுபிடித்து எழுதியதே அந்த முறையைப் பயன்படுத்தும் விஞ்ஞானிகள்தான். அதனால் எந்தப் பொருளை எடுக்கலாம், எதைத் தவிர்க்கணும் என்று பார்க்கிறார்கள். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 வருடம். ஏறக்குறைய 50,000 வருடத்துக்கு மேல் அளக்க மிச்சமிருக்காது. டைனோசரையும் பாறையையும் இதில் அளப்பதில்லை.

இந்த அளவுகோல் சரியா என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்? மரத்தை வைத்து. வருடத்துக்கு ஒரு வளையம். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களும், பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களும் ஒரே தடிப்பு மெலிவு வரிசையில் பொருந்தும். அந்த உத்தரத்தோடு ஆற்று மணலில் புதைந்த கட்டை பொருந்தும். இப்படி ஐரோப்பாவில் 12,000 வருடத்துக்கு மேல் அறுபடாமல் கோத்திருக்கிறார்கள். ஜப்பானில் சுய்கெத்சு ஏரியின் அடியில் ஒவ்வொரு வருடமும் வெளிறிய படிவு ஒன்று, கறுத்த படிவு ஒன்று. அந்தப் படிவுகளுக்கு நடுவே அந்தந்த வருடம் உதிர்ந்த இலைகள் அப்படியே அமுங்கிக் கிடக்கின்றன. படிவை எண்ணியும் பார்க்கலாம், இலையைக் கார்பனில் சோதித்தும் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்து 50,000 வருடம் வரை அளவுகோலைத் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. கலிபோர்னியாவின் வெண்மலையில் 4,800 வருடத்துக்கு மேல் உயிரோடு நிற்கும் ஒரு பைன் மரம் இருக்கிறது. அஷர் கணக்கில் பிரளயம் கி.மு. 2348-ல். அப்போது அந்த மரத்துக்கே சில நூறு வயது ஆகியிருக்கும். அதற்கு வைத்திருக்கும் பெயர் மெத்தூசலா.

பூமிக்கு 454 கோடி வயசுன்னு எப்படிச் சொல்றாங்க? யாரு பார்த்தா?

யுரேனியம் குறிப்பிட்ட வேகத்தில் ஈயமாக மாறுகிறது. 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈய வகைகளின் விகிதத்தை அளந்து 455 கோடி என்றார். அதற்குப் பிறகு வேறு வேறு தனிமங்களை வைத்துப் பார்த்தும் விடை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 440 கோடி வயதுள்ள சிர்கான் என்ற கனிமத் துகள்கள் கிடைத்திருக்கின்றன. 'யாரு பார்த்தா' என்பது எரிகோ மதில் விழுந்ததற்கும் பொருந்தும் கேள்விதான். நேரில் பார்க்காததைத் தடயத்தால் அறிவது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

2 பேதுருவுல "ஒருநாள் ஆயிரம் வருஷம்போல"ன்னு இருக்கே, ஆறு நாளை ஆறு யுகமா எடுத்துக்கிட்டா பிரச்சினை தீர்ந்துடும்ல?

கால அளவு பொருந்தினாலும் வரிசை பொருந்தாது. ஆதியாகமத்தில் மூன்றாம் நாள் மரம், நான்காம் நாள் சூரியன். நீரில் வாழ்வனவும் பறவைகளும் ஐந்தாம் நாள், ஊர்வன ஆறாம் நாள். பாறைகளில் வரிசை அப்படி இல்லை. சூரியன் பூமிக்கு முன், ஊர்வன பறவைக்கு முன். பேதுருவின் வசனமும் கர்த்தர் தாமதிப்பதாக எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொன்னது, வாய்ப்பாடு இல்லை.

சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். நாட்களை எழுத்துப்படி எடுக்காத வாசிப்பு டார்வினுக்குப் பயந்து கண்டுபிடித்தது என்பது வரலாறு தெரியாத பேச்சு.

ஜலப்பிரளயம் உலகம் பூரா வந்ததா? எல்லா நாட்டுக் கதையிலயும் இருக்கே?

மெசொப்பொத்தாமியக் கதைகளில் இருப்பது வெறும் ஒப்புமை இல்லை, ஒரே குடும்பம். 1872-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு களிமண் பலகையைப் படித்தபோது, கப்பல் மலையில் தங்கியதும், புறா விட்டதும், அது திரும்பி வந்ததும் அப்படியே இருந்தன. பெரிய ஆறுகள் பொங்கும் சமவெளியில் அப்படியொரு நினைவு தங்கியதில் ஆச்சரியமில்லை.

உலகளாவிய பிரளயம், அதுவும் கி.மு. 2348-ல் என்றால், எகிப்து இடிக்கிறது. கிசாவின் பெரிய பிரமிடு அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முந்தியது. அஷர் சொல்லும் சமயத்தை ஒட்டித்தான் உனாஸ் என்ற ராஜாவின் பிரமிடுச் சுவர்களில் மந்திரங்கள் செதுக்கினார்கள். அடுத்த ராஜாவும் அதே மொழியில், அதே எழுத்தில் தொடர்கிறான். இந்தப் பக்கம் மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் அதே காலத்தில் மக்கள் செங்கல் வீட்டில் குடியிருந்தார்கள். நடுவில் எட்டுப் பேர் மட்டும் மிஞ்சி, மறுபடி பெருகிய தடயம் எங்கும் இல்லை.

எல்லாத்தையும் இல்லைன்னே சொல்றீங்களே சார். எந்தத் தேதியைத்தான் நம்பலாம்?

இங்கேதான் எனக்கு உற்சாகம் வரும். அசீரியர்கள் ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் அதிகாரியின் பெயர் வைத்துப் பட்டியல் எழுதினார்கள். அதில் புர்சகாலே என்பவரின் வருடத்தில் சீமானு மாதம் சூரிய கிரகணம் என்று ஒரு குறிப்பு. வானியல் கணக்கில் அது கி.மு. 763 ஜூன் 15. முதல் கேள்வியில் சொன்னேனே, ஆணி. இதுதான் அந்த ஆணி. இதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் அசீரிய ராஜாக்களின் வருடங்கள் வரிசையாக விழுந்துவிடும்.

அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசார் தன் ஆறாம் வருடத்தில், அதாவது கி.மு. 853-ல், கர்கார் என்ற இடத்தில் ஒரு கூட்டணியோடு சண்டை போட்டான். எதிரிகளில் ஒருவன் வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலின் ராஜா ஆகாப், 2,000 ரதங்களோடு வந்தான் என்று கல்லில் எழுதினான். (பைபிளில் இந்தச் சண்டை இல்லவே இல்லை.) 18-ம் வருடத்தில், கி.மு. 841-ல், இஸ்ரவேலின் பிந்தைய ராஜா யெகூ கப்பம் கட்டினான். ஆக ஆகாபுக்கும் யெகூவுக்கும் நடுவில் 12 வருடம்தான் இடம். பைபிளில் நடுவில் ஆண்ட அகசியாவுக்கு 2 வருடம், யோராமுக்கு 12 வருடம். மொத்தம் 14. பிடிபட்டோம் என்று தோன்றுகிறதா? அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

இராஜாக்கள் புத்தகத்துல வருஷத்தைக் கூட்டினா இஸ்ரவேலும் யூதாவும் ஒத்தே வரல. எழுதினவங்களுக்குக் கணக்கு வராதா?

நன்றாக வரும், நமக்குத்தான் அவர்கள் எண்ணிய முறை தெரியவில்லை. மார்ச் மாதம் வேலைக்குச் சேர்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியாண்டையே அவருடைய முதல் வருடம் என்று ஓர் அலுவலகம் எழுதும். ஏப்ரலில் தொடங்குவதுதான் முதல் வருடம் என்று இன்னொன்று எழுதும். முதல் முறையில், ராஜா செத்த வருடம் அவன் கணக்கிலும் வரும், புது ராஜா கணக்கிலும் வரும். ஆளுக்கு ஒரு வருடம் கூடுதல். அகசியாவின் 2-ல் ஒன்று, யோராமின் 12-ல் ஒன்று கழித்தால் 1 + 11 = 12. அசீரியக் கல்லோடு கச்சிதமாக உட்காருகிறது. 1951-ல் எட்வின் தீலே இந்த முறையில் ராஜாக்களின் எண்கள் பெரும்பாலானவற்றை ஒழுங்குபடுத்திக் காட்டினார்.

தகப்பன் இருக்கும்போதே மகனுக்குப் பட்டம் கட்டுவதும் உண்டு. நமக்கு இது புதிதல்ல. இராசராசன் 985-ல் பட்டமேறி 1014 வரை இருந்தார். இராசேந்திரனின் ஆட்சியாண்டு 1012-லிருந்தே எண்ணப்படுகிறது. கல்வெட்டில் உள்ள யாண்டுகளை வெறுமனே கூட்டினால் இரண்டு வருடம் அதிகம் வரும். அதற்காகச் சோழர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: இடிக்கும் இடத்திலெல்லாம் தகப்பன்-மகன் 'கூட்டாட்சி' என்று ஆப்பு வைத்துக்கொண்டே போனால் எந்தக் கணக்கையும் சரியாக்கிவிடலாம். தீலேயின் தீர்வுகள் சிலவற்றில் அந்த வாடை அடிக்கிறது.

சரியாகாத இடம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

தெற்கே யூதாவின் ராஜா எசேக்கியா. வடக்கு இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழுந்தது அவர் ஆண்ட ஆறாம் வருடம் என்று 2 இராஜாக்கள் 18:10. அது கி.மு. 722-ஐ ஒட்டி நடந்தது. மூன்று வசனம் தள்ளி, அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்தது அவருடைய 14-ம் வருடம் என்றிருக்கிறது. அப்படியானால் கி.மு. 714. ஆனால் சனகெரிப் வந்தது கி.மு. 701-ல், இதில் சந்தேகமே இல்லை. 13 வருடம் இடிக்கிறது. 24 என்பது 14 ஆகிவிட்டது என்கிறார்கள், மேலே சொன்ன கூட்டாட்சி என்கிறார்கள், 18:10 பிற்காலத்தில் ஒருவர் கணக்கிட்டுச் சேர்த்தது என்கிறார்கள். எதுவும் முடிவாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தேதி இப்படிக் குழம்பிய இதே நிகழ்ச்சிக்குத்தான் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. சனகெரிப் தன் களிமண் பட்டகத்தில் 46 அரணுள்ள ஊர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் எழுதினான். எருசலேமைப் பிடித்ததாக எழுதவில்லை. கப்பத்தில் பொன் 30 தாலந்து என்று இரண்டு பக்கமும் ஒன்றே, வெள்ளியில்தான் வித்தியாசம்: இங்கே 300, அங்கே 800. எருசலேமுக்கு அடியில் எசேக்கியா வெட்டியதாகச் சொல்லும் 533 மீட்டர் நீர்ச்சுரங்கம் இன்றும் இருக்கிறது, முழங்கால் தண்ணீரில் நடக்கலாம். இரண்டு முனையிலிருந்தும் குடைந்தவர்கள், மூன்று முழம் மிச்சமிருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆளின் குரலைக் கேட்டதாகச் சுவரில் பொறித்து வைத்தார்கள். 2003-ல் அந்தச் சுரங்கத்துக் காரையில் சிக்கியிருந்த செடித் துணுக்குகளைக் கார்பன் முறையிலும், கூரையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதை யுரேனிய முறையிலும் அளந்தார்கள். இரண்டும் கி.மு. 700-ஐ ஒட்டியே வந்தன. கார்பன் டேட்டிங் வேண்டாம் என்கிறவர்கள் இந்த முடிவை மட்டும் மேடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வர்ற யெகோவா சாட்சிகள் எருசலேம் அழிஞ்சது 607-ன்னு சொல்றாங்க. நீங்க 586-ன்னு சொல்றீங்க. எது சரி?

587 அல்லது 586. அந்த ஒரு வருட ஊசலாட்டம், வருடம் வசந்தத்தில் தொடங்கியதா இலையுதிர்காலத்தில் தொடங்கியதா என்பதால் வருவது. 607-க்கு இடமில்லை. பெர்லினில் உள்ள ஒரு களிமண் பலகையில் நேபுகாத்நேச்சாரின் 37-ம் வருடத்து நிலவும் கிரகங்களும் நின்ற இடங்கள் நாள்வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வானம் கி.மு. 568-567-க்குப் பொருந்துகிறது. அங்கிருந்து எண்ணினால் எருசலேமைச் சுட்டெரித்த 18-ம் வருடம் 587-ல்தான் விழும். 607 என்பது எரேமியா முன்னறிவித்த 70 வருடத்தைப் பாரசீக ராஜா கோரேசின் காலத்திலிருந்து பின்னுக்கு எண்ணியது. அதிலிருந்து 2,520 வருடம் போனால்தான் அவர்கள் போதனைக்கு முக்கியமான 1914 கிடைக்கும். எழுபதைப் பொருத்த வேறு வழியும் உண்டு: ஆலயம் எரிந்த 586 முதல் திரும்பக் கட்டி முடித்த 516 வரை எழுபது.

அதற்கு முந்தின முற்றுகைக்கு நாள்கூடத் தெரியும். பாபிலோன் நாளாகமம் நேபுகாத்நேச்சாரின் ஏழாம் வருடம் ஆதார் மாதம் இரண்டாம் தேதி என்கிறது: கி.மு. 597 மார்ச் 16. 2 இராஜாக்கள் 24:12 அதை எட்டாம் வருடம் என்கிறது, எரேமியா 52:28 ஏழாம் வருடம் என்கிறது. முரண்பாடு இல்லை, மேலே சொன்ன இரண்டு அலுவலகக் கணக்குதான். அன்றைக்குப் பிடித்துக்கொண்டு போன யோயாக்கீனின் பெயர் பாபிலோன் அரண்மனைப் பண்டகக் கணக்கில் கிடைத்திருக்கிறது: யூதா ராஜாவுக்கு எண்ணெய் இவ்வளவு, அவருடைய ஐந்து மகன்களுக்கு இவ்வளவு. எந்தப் பிரசங்கத்துக்காகவும் எழுதாத ரேஷன் கணக்கு அது.

தாவீது, சாலொமோன்லாம் நிஜமாவே இருந்தாங்களா?

தாவீதுக்கு 1993-ல் தேல் தாண் என்ற இடத்தில் ஒரு கல் கிடைத்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு, எழுதியவன் எதிரியான ஆராம் (பழைய சீரியா) ராஜா. அதில் 'தாவீதின் வீடு' என்று யூதாவைக் குறிப்பிடுகிறான். தாவீதுக்கு நூறு வருடத்துக்குப் பிந்தியது, ஆனாலும் வலுவான சான்று. சாலொமோனுக்கு அவர் காலத்து வெளிச்சான்று எதுவும் இல்லை. அவர் மகன் ரெகொபெயாமின் காலத்தில் வந்த சீஷாக், எகிப்தின் முதலாம் ஷெஷோங்க். கர்னாக் கோவில் சுவரில் பிடித்த ஊர்களின் பட்டியல் போட்டிருக்கிறான். அதில் மிஞ்சிய பகுதியில் எருசலேம் இல்லை. மெகிதோ, ஆத்சோர், கேசேர் வாசல்களைக் கட்டியது சாலொமோனா, ஆகாப் வம்சமா என்று தொல்லியலாளர்கள் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைனும் அமிகாய் மசாரும் பல வருடம் மோதினார்கள். சண்டை சில பத்தாண்டுகளுக்காகத்தான், ஆனால் ஒரு சாம்ராஜ்யம் இருந்ததா என்பதே அதைப் பொறுத்தது.

மோசே எகிப்தை விட்டு வந்தது எந்த வருஷம்?

1 இராஜாக்கள் 6:1 சொல்லும் 480 வருடத்தை சாலொமோன் ஆலயத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் கி.மு. 1446. ஆனால் யாத்திராகமம் 1:11 அவர்கள் ராமசேஸ் பட்டணத்தைக் கட்டினார்கள் என்கிறது; அது இரண்டாம் ராமசேஸ் காலத்து நகரம், கி.மு. 13-ம் நூற்றாண்டு. இரண்டும் பைபிள் வசனம்தான், இரண்டு நூற்றாண்டு தள்ளி நிற்கின்றன. 480 என்பது பன்னிரண்டு நாற்பது, தலைமுறைக் கணக்கு என்பவர்கள் உண்டு. கிரேக்கத்தில் அது 440.

வெளியே நமக்கு இருப்பது ஒரே ஓர் எல்லைக்கல். மெர்னெப்தா என்ற பார்வோன் கி.மு. 1208 வாக்கில் நாட்டிய கல்லில், கானானில் இஸ்ரவேல் என்ற மக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறான். அதற்கு முன் அவர்கள் வந்திருக்க வேண்டும், அல்லது அங்கேயே உருவாகியிருக்க வேண்டும். ஆறு லட்சம் ஆண்கள் நாற்பது வருடம் அலைந்த தடயம் சீனாய் வனாந்தரத்தில் இல்லை. இன்னொன்றையும் நினைக்கணும்: 1446-க்குப் பின்னும் கானான் எகிப்தின் பிடியில்தான் இருந்தது. 14-ம் நூற்றாண்டில் எருசலேமின் தலைவன் வில்வீரர்களை அனுப்பச் சொல்லிப் பார்வோனுக்குக் கெஞ்சி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. சிறு கூட்டம் ஒன்று 13-ம் நூற்றாண்டில் வெளியேறியது, அதன் நினைவு எல்லாருடையதும் ஆனது என்று என் மனம் சாய்கிறது. நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை.

எரிகோ மதில் விழுந்ததைத் தோண்டி எடுத்துட்டாங்கன்னு யூடியூப்ல பார்த்தேனே?

1930-களில் தொல்லியலாளர் கார்ஸ்டாங் அப்படித்தான் அறிவித்தார். 1950-களில் காத்லீன் கென்யன் மறுபடி தோண்டி, அவர் காட்டிய மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முந்தியது என்று காட்டினார். ஊர் எரிந்தது உண்மை, ஜாடியில் கருகிய தானியம்கூடக் கிடைத்தது. ஆனால் தானியத்தின் வயது கி.மு. 16-ம் நூற்றாண்டு. 1446-க்கும் எட்டாது, 13-ம் நூற்றாண்டுக்கும் எட்டாது. ஆத்சோர் எரிந்ததோ 13-ம் நூற்றாண்டில். ஆயி என்று கருதப்படும் மேடு அப்போது ஆளே இல்லாத பாழ். அதே எரிகோவில் எட்டரை மீட்டர் உயரக் கல்கோபுரம் ஒன்று இருக்கிறது, கி.மு. 8000-ஐ ஒட்டியது. 4004-ஐ நம்புகிறவர்களுக்கு எரிகோவைவிடச் சங்கடமான ஊர் இல்லை.

ஆபிரகாம்?

தேதி சொல்ல ஆணி இல்லை. கதையில் வரும் ஒட்டகக் கூட்டம் பிற்காலத்தின் சாயல். ஆரவா பள்ளத்தாக்கில் வளர்ப்பு ஒட்டக எலும்புகள் கி.மு. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகின்றன.

இயேசு கிறிஸ்து பிறந்ததே கிறிஸ்துவுக்கு முன்னாடியாமே? காமெடியா இருக்கே சார்.

காமெடிதான். கி.பி. 525-ல் தியோனிசியு என்ற துறவி ஈஸ்டர் அட்டவணை போடும்போது வருடத்தைக் கணித்தார், சில வருடம் பிசகிவிட்டது. பெரிய ஏரோது இறந்தது கி.மு. 4-ல் என்பது பெரும்பாலோர் ஏற்பது. மத்தேயுவின்படி இயேசு பிறந்தபோது ஏரோது உயிரோடிருந்தான், எனவே அதற்கு முன். லூக்கா 2:2-ன் சிரேனியு சீரியாவில் குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6-ல். இந்தப் பத்து வருட இடைவெளிக்கு முன்வைக்கப்பட்ட சமாதானங்கள் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை.

நாசா கம்ப்யூட்டர்ல யோசுவாவோட காணாம போன ஒரு நாளைக் கண்டுபிடிச்சாங்களாமே?

இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நாசாவே மறுத்தது. நோவாவின் கப்பல் என்று அனுப்புகிறார்களே, துருக்கி மலையில் கப்பல் வடிவத்தில் தெரிவது, அதுவும் வெறும் பாறை அமைப்பு. இந்த இரண்டையும் அனுப்பும் முன் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு தெரிஞ்சும் சின்னப் பிள்ளைங்களுக்கு என்னன்னு சொல்லிக் கொடுக்கிறீங்க?

எண்களை ஒளிப்பதில்லை. ஆதியாகமம் 5-ஐத் திறந்து கூட்டச் சொல்வேன், யார் எந்த வருடம் பிறந்து எந்த வருடம் செத்தார் என்று கரும்பலகையில் கோடு போடச் சொல்வேன். போன வருடம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மெத்தூசலாவின் கோடு முடிகிற இடத்தையும் தண்ணீர் வந்த இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தான். மெத்தூசலா நோவாவுக்குத் தாத்தா. "அப்போ தாத்தாவை ஏன் சார் கப்பல்ல ஏத்தல?" என்றான். அதற்கு வசனம் இல்லை என்றேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கிறேன் என்று ஆதாமிலிருந்து ஆரம்பித்தான்.